கழுதை வாத்தியார்

ஒச்சப்பன் வாத்தியார் பிள்ளைகளைக் கழுதை என்று திட்டியதே இல்லை. மற்ற வாத்தியார்களின் வாயில் அந்த வார்த்தை நாளுக்கு நூறு தடவை வரும். அவருக்கு மட்டும் வராது. மதுரைக்குப் போய் ஆசிரியர் பயிற்சி முடிப்பதற்கு முன்னால், குரங்கணிச் சரிவில் ஏழு வருடம் பொதிக்கழுதை ஓட்டி, ஏலக்காய் மூட்டைகளைப் போடிக்கு இறக்கியவர் அவர்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றில் ராசிங்காபுரம் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் வேலை கிடைத்தது. தலைமையாசிரியர் ஞானதுரை முதல் நாளே கூப்பிட்டுச் சொன்னார்.

“பழைய சோலியப் பத்தி பசங்ககிட்ட மூச்சு விடாதீரும். பெறகு ஒரு பய மதிக்க மாட்டான். சிரிக்கவும் வேணாம்.”

ஒச்சப்பன் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். கஞ்சி போட்ட சட்டையும் கையில் பிரம்புமாக மூன்று வருடம் முகத்தை இறுக்கியே வைத்திருந்தார். பிள்ளைகள் பயந்தார்கள். ஆனால் கணக்கு ஏறவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் தாடை வலிக்கும். “பல்லைக் கடிச்சுக்கிட்டேவா பாடம் நடத்துறீக?” என்பாள் மனைவி சுந்தரம்மாள்.

ஐப்பசி மழையில் ஒருநாள், பள்ளிக்கூட வாசலில் பொதியோடு ஒரு கழுதை சேற்றில் படுத்துவிட்டது. ஓட்டி வந்தவர் கம்பால் அடித்தார். அது எழவில்லை. கரும்பலகை முன்னால் நின்ற ஒச்சப்பனுக்கு ஜன்னல் வழியே பார்த்ததுமே தெரிந்துவிட்டது. இடப்பக்கப் பொதி கூடுதல். திரும்பி நின்று பாடத்தைத் தொடர்ந்தார். இன்னொரு அடி விழுந்த சத்தம் கேட்டது. சாக்குக்கட்டியை வைத்துவிட்டு மழையில் இறங்கினார்.

கயிற்றைத் தளர்த்திப் பொதியை இறக்கினார். சேற்றில் முழங்காலூன்றி, அதன் காதடியைத் தடவிக்கொண்டே நாக்கைச் சொடுக்கினார்.

“எந்திரி ஆத்தா. ஒண்ணுமில்ல, எந்திரி.”

கழுதை தலையை ஒரு உதறு உதறிவிட்டு எழுந்து நின்றது. ஓட்டி வந்தவர் அவர் முகத்தை உற்றுப் பார்த்தார்.

“சரிவுல நம்மகூடப் பொதி ஓட்டுன ஒச்சுதானப்பா நீயி? நான் வீரையா.”

ஒச்சப்பன் திரும்பிப் பார்த்தார். ஜன்னல் முழுக்கப் பிள்ளைகளின் தலைகள்; தாழ்வாரத்தில் ஞானதுரை.

“நான்தாண்ணே,” என்றார்.

மறுநாள் வகுப்புக்குள் நுழைந்தபோது கரும்பலகையில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது: ‘களுதை வாத்தியார்.’ எல்லாக் கண்களும் பிரம்பின் மேல் இருந்தன. மூன்று வருடமாக எதற்குப் பயந்தாரோ அது இதுதான். ஆனால் வந்து நின்றபோது, சுமை இறங்கியது போல உடம்பு லேசாக இருந்தது. ‘ளு’வை அழித்து ‘ழு’ போட்டார்.

“எழுதுனது நெசந்தான். எழுத்துதான் தப்பு,” என்றவர், தன்னை அறியாமல் சிரித்துவிட்டார்.

வகுப்பே சேர்ந்து சிரித்தது. கடைசி வரிசையில் இருந்த பொன்னுமணி எழுந்து, “கழுதை ஏன் படுத்துச்சு சார்?” என்று கேட்டாள். மூன்று வருடத்தில் ஒரு பிள்ளை தானாக எழுந்து கேட்ட முதல் கேள்வி அது. அன்றைக்கு வகுத்தல் கணக்கு பொதியிலேயே நடந்தது. எண்பத்தாறு ராத்தல் எடையை இரண்டு பக்கமும் சமமாகப் பிரிக்க வேண்டும்; கணக்கு தப்பினால் கழுதை சரிவில் உருளும். ஒரு பிள்ளையும் தப்பாகப் போடவில்லை. சத்தம் கேட்டு வந்த ஞானதுரை வாசலில் நின்றார். கண்டிக்கத்தான் வந்திருப்பார். கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டு, “மூணு கழுதையின்னா எப்படிப் பிரிப்பீரு?” என்று கேட்டார்.

ஐம்பத்தெட்டு ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று, குரங்கணியிலிருந்து பொதி ஓட்டுகிற இரண்டு பேர், ராசிங்காபுரத்துச் சொந்தக்காரர் வீட்டில் தங்கவைத்துப் படிக்கவைக்கலாம் என்று தங்கள் பெண் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். உள்ளே வரக் கூச்சப்பட்டு வேலியோரம் நின்றவர்களைப் பார்த்து ஒச்சப்பனே எழுந்து போனார்.

“கழுதை வாத்தியாருன்னு ஒருத்தர் இருக்காராமே, இந்தப் பள்ளிக்கூடந்தானா சாமி?”

“நான்தாண்ணே. பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு உள்ள வாங்க.”