ஆளுக்கு ஓர் அணி

சூளையிலிருந்து இறங்கிய பீங்கான் ஃபியூஸ் கட்டையை விரல் கணுவால் தட்டிக் காதருகே கொண்டுபோகிறார் விருத்தகிரி. ணங்கென்று ஒலித்தால் நல்லது. சத்தம் செத்திருந்தால் உள்ளே விரிசல். மேலே எவ்வளவு பளபளப்பு இருந்தாலும் கழிவுக் கூடைக்குத்தான் போகும். விருத்தாசலத்தில் இந்த வேலையைப் பலர் செய்கிறார்கள். வேலை முடிந்த பிறகும் தட்டிக்கொண்டே இருப்பவர் இவர்தான்.

கைப்பேசியில் ஒரு கால்பந்து விளையாட்டு. பந்தை உதைக்க வேண்டியதில்லை; ஆளுக்கு ஓர் அணியை நிர்வகித்து, வீரர்களை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ள வேண்டும். வீரர்கள் எல்லாம் கணினி பெற்றுப்போட்ட பிள்ளைகள். ஜங்ஷன் பக்கத்துப் பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள் திருப்பூர், சென்னை, குவைத் என்று சிதறிய பின் தொடங்கிய லீக் அது. நடுவர் விருத்தகிரி. அவர் சரி என்றால்தான் எந்த மாற்றமும் செல்லும். "இருவது வயசுப் பையனுக்கு முப்பத்தஞ்சு வயசு கெழமா? அநியாயமா இருக்குதே!" என்று டீ ஆறி ஆடை கட்டும்வரை குரல் பதிவு அனுப்புவார். மச்சினன் அணியையும் சேர்த்து ஓட்டிய சுப்புராயனை, "ஒரு ஆளுக்கு ஒரு டீம்தான்" என்று ஈவிரக்கமில்லாமல் வெளியேற்றியவர். "இல்லாத ஆளுங்களுக்காவ இருக்கிறவங்களோட சண்ட போடுறீங்களே" என்று தலையில் அடித்துக்கொள்வார் மனைவி கவிப்ரியா.

போன பங்குனியில் வந்தது வினை. குவைத்திலிருக்கும் ஃபாயிஸ், தன் அணிக்கே உயிரான இளம் முன்கள வீரனைக் கொளஞ்சிநாதனுக்குக் கொடுத்து, பதிலுக்கு ஓய்வுபெறப் போகும் ஒரு கோல் கீப்பரைக் கேட்டார். கொளஞ்சி லீக்கில் என்றைக்கும் கடைசி. அந்த மாதம்தான் அவர் வேலைபார்த்த பொம்மைக் கம்பெனியையும் மூடியிருந்தார்கள்.

"ஒரு தடவ ஜெயிக்கட்டும் வுடு மச்சான். மனசு வுட்டுப்போய்க் கெடக்குறான்" என்றார் ஃபாயிஸ்.

விருத்தகிரி தட்டிப் பார்த்தார், விரிசல் கேட்டது. "இது லீக்கா, அன்னதானமா?" என்று எல்லோரும் பார்க்கும் வாட்ஸ்அப் குழுவிலேயே கேட்டு, மாற்றத்தை ரத்து செய்தார். வேலை போனவன் காதில் அது எப்படி விழும் என்று ஒரு நொடி யோசித்திருக்கக் கூடாதா, மனுஷன்!

கொளஞ்சி குழுவை விட்டுப் போனார். "நியாயத்த நீயே வச்சிக்க. நான் போயிட்டு வரேன்" என்று ஃபாயிஸும் போனார். மற்றவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். இவர் கூப்பிட்டால் யாரும் எடுப்பதில்லை. வருஷக்கணக்காகச் சண்டையும் சிரிப்புமாகக் கத்திய குழு இன்று வாய் செத்துக் கிடக்கிறது. அது விருத்தகிரியின் நெஞ்சை அறுக்கிறது.

நிர்வகிப்பவர் எட்டிப் பார்க்காத அணியைக் கொஞ்ச நாளில் விளையாட்டே அழித்துவிடும். கொளஞ்சியின் அணி அப்படித்தான் போனது. ஃபாயிஸ் குவைத்துக்குப் போன புதிதில் தன் கடவுச்சொல்லை நம்பிக்கையாக இவரிடம் கொடுத்திருந்தார். அதை வைத்து ஃபாயிஸ் அணியையும் ஓட்டிக்கொண்டு, சுப்புராயனைத் துரத்திய அதே குற்றத்தை இப்போது இவர் தினமும் செய்கிறார். கேட்கத்தான் ஆளில்லை.

"வரேன்னுதான சொல்லிட்டுப் போனான்? வந்து பாக்கறப்ப டீம் இருக்கணும்ல" என்கிறார் கவிப்ரியாவிடம். அந்தக் குரலில் நம்பிக்கை துளியும் இல்லை.

இன்று அவர் அணிக்கும் ஃபாயிஸ் அணிக்கும் ஆட்டம். சாப்பாட்டு இடைவேளையில், களிமண் காய்ந்த விரலோடு ஃபாயிஸ் பெயரில் நுழைந்து, அந்த இளம் வீரனை முன்னால் நிறுத்துகிறார். பிறகு தன் அணியைத் திறந்து, வலையைக் காலியாக விட்டு, தன் கோல் கீப்பரை எடுத்து வெளியே உட்காரவைக்கிறார்.