எட்வர்ட் அண்ணன் பெட்டி மேல வச்ச கை

எட்வர்ட் அண்ணனுக்குக் காது போய்க்கினு இருக்குதுன்னு எங்க பாட்டு கிளாஸ்ல எனக்கு மட்டும்தான் தெரியும். தெரிஞ்சும் வாய மூடிக்கினு இருந்தவ நான். அத மறைச்சுட்டு அவரப் பத்தி எதச் சொன்னாலும் பொய்யாப் பூடும்.

கும்மிடிப்பூண்டியில இரும்புக் கம்பி உருட்டுற மில்லுல அவருக்குப் பத்தொம்பது வருஷமா காண்ட்ராக்ட் வேலை. அந்தச் சத்தத்துல நின்னு நின்னுதான் காது அடைச்சுக்கினே போச்சு. எங்க சர்ச்சுல சின்ன வயசுலேருந்து பாடுற மனுஷன். பல்கலைக்கழகத்துல ஒரு வருஷ இசைப் படிப்பு, ஞாயித்துக்கெழம மத்தியானம் திருவள்ளூர்ல கிளாஸுன்னு நோட்டீஸ் பாத்ததும் என்னையும் இழுத்துக்கினு போய்ச் சேந்துட்டாரு. ஆராதனை முடிஞ்ச கையோட பெரியபாளையம் வழியா பஸ் மாறிப் போவணும். ஆடி மாசம் அங்க அம்மன் கோயில் கூட்டத்துல பஸ்ஸு நகரவே நகராது.

"இன்னாத்துக்குண்ணா இந்த வயசுல இந்தப் பாடு?"ன்னு ஒரு நாள் எரிஞ்சு விழுந்தேன்.

அப்பதான் சொன்னாரு. "காது முழுசாப் போறதுக்குள்ள ஒழுங்காக் கத்துக்கினு, பாஸுன்னு ஒரு பேப்பர் வாங்கிடணும் ஹெலன். யாராண்டயும் சொல்லிடாத. மில்லுல தெரிஞ்சா நாளைக்கே கேட்டுக்கு வெளிய நிறுத்திடுவான்." பஸ்ஸுலயே என் கையப் புடிச்சு வாக்கு வாங்கிக்கினாரு.

எங்களுக்குச் சொல்லிக் குடுத்த மைத்ரேயி டீச்சருக்கு முப்பது வயசு கூட இருக்காது. திருவள்ளூர் கோயில்ல பிரபந்தம் சொல்ற குடும்பத்துப் பொண்ணு. கண்டிப்புன்னா அப்படி ஒரு கண்டிப்பு. துருத்தி வச்ச பழைய மர ஸ்ருதிப் பெட்டி ஒண்ண மடியில வச்சுக் காத்தடிச்சுக்கினே பாடுவாங்க. எட்வர்ட் அண்ணன் அவங்க பக்கத்துல உக்காந்து அந்தப் பெட்டி மேல உள்ளங்கைய வச்சிடுவாரு. மோட்டாரு சரியா ஓடுதான்னு மில்லுல கைய வச்சுத்தான் பாப்பாங்க, அதே பழக்கம். மரம் அதிர்றது கையில தெரிஞ்சா அவரு தொண்டை இம்மி பிசகாது. கைய எடுத்தா பாட்டு எங்கயோ பூடும்.

"வாத்தியத்து மேல கைய வைக்காதீங்கோன்னு எத்தனை தடவை சொல்றது?"ன்னு டீச்சர் அவரு கையத் தட்டி விடுவாங்க. "சாரி மேடம்"னு சிரிப்பாரு. அடுத்த பாட்டுல கை மறுபடியும் அங்கதான் இருக்கும். "இவருக்கு மரியாதையே தெரியாதா ஹெலன்?"னு டீச்சர் என்னாண்ட கேட்டாங்க. நான் பல்ல இளிச்சுக்கினு நின்னேன்.

பரீட்சைக்கு வெளியூர்லேருந்து ஒருத்தர் வந்தாரு. பெட்டியெல்லாம் வேணாம்னுட்டு தன் மொபைல்ல ஸ்ருதியப் போட்டு மேசை மேல வச்சுக்கினாரு. பாடுறவங்க தள்ளி நிக்கணும். எட்வர்ட் அண்ணன் இஸ்திரி போட்ட வெள்ளச் சட்டையோட போய் நின்னாரு. அந்த மொபைலப் பாத்தாரு, என்னப் பாத்தாரு. 'சார், அவருக்குக் காது கேக்காது'ன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. அவரு வேணாம்னு லேசாத் தலைய ஆட்டுனாரு. நான் முழுங்கிட்டேன். பாவி, ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா நான்?

ஸ்ருதி ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம். பின்னாடி ரெண்டு பேரு சிரிச்சாங்க. அது அவருக்குக் கேக்கல, எனக்குக் கேட்டுச்சு. பாதியிலயே "போதும்"னாரு பரீட்சை வைக்க வந்தவரு. அதுவும் கேக்காம பாடிக்கினே இருந்தாரு. டீச்சர் எழுந்து போய்த் தோளத் தொட்டப்புறம்தான் நிறுத்துனாரு.

"ஒரு வருஷம் உசுரக் குடுத்துச் சொல்லிக் குடுத்தேனே, வேணும்னே பண்றாரா?"ன்னு டீச்சர் வராண்டாவுல என்னப் புடிச்சுக்கினாங்க. அப்பதான் எல்லாத்தையும் கொட்டினேன். எல்லாம் முடிஞ்சப்புறம்! டீச்சர் அப்படியே செவுத்துல சாஞ்சுட்டாங்க. "அந்தக் கையையா தட்டி விட்டேன்"னு அதையே திருப்பித் திருப்பிச் சொன்னாங்க.

ரிசல்ட்டு ஃபெயில். ரெண்டு மாசத்துல மில்லுலயும் காது டெஸ்ட் வச்சு நிறுத்திட்டாங்க. ஒரு ஞாயித்துக்கெழம டீச்சர் பெட்டியத் தூக்கிக்கினு பஸ் ஏறி எங்க ஊருக்கே வந்துட்டாங்க. நான் அவரு ஊட்டுக்குக் கூட்டிக்கினு போனேன். "இப்ப சுத்தமா கேக்கல மேடம், வாயப் பாத்துத்தான் புரிஞ்சுக்குறாரு"ன்னாங்க அவரு சம்சாரம் மெர்சி அக்கா.

டீச்சர் பெட்டியக் கட்டில் மேல வச்சாங்க. அவரு கையப் புடிச்சு, தானே அது மேல வச்சு, துருத்திய அமுக்குனாங்க. அவருக்குப் புரிஞ்சிடுச்சு. கண்ண மூடிக்கினு, பரீட்சையில பாடுன அதே கீதத்த முதல்லேருந்து கடைசி வரைக்கும் பாடுனாரு. ஒரு இடத்துல கூட விலகல.

அண்ணன் கண்ணத் தொறந்தாரு. எதிர்ல டீச்சர் முந்தானையால வாயப் பொத்திக்கினு தேம்பித் தேம்பி அழுதுக்கினு இருந்தாங்க.

அவரு மொகம் சுருங்கிப் போச்சு. "இன்னும் தப்பாவா மேடம்?"ன்னாரு.

"சரியாப் பாடுனண்ணா, சரியாப் பாடுன!"ன்னு நான் கத்துறேன். அவரு என் வாயப் பாக்கல. தலையத் தொங்கப் போட்டுக்கினு, "மன்னிச்சுக்கோங்க மேடம்"னு பெட்டி மேலேருந்து கைய எடுத்துட்டாரு.