கீரை போல நிமிர நினைத்தவர்

எங்கள் தெருவில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்த ஒருவர், கண்ணைப் பரிசோதிக்க வருகிறவர்களை நாக்கை நீட்டச் சொல்வார். பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவார். "உங்க செல்லெல்லாம் வறண்டு கிடக்கு. தண்ணி குடிங்க." தெரு அவருக்குத் 'தண்ணீர் டாக்டர்' என்று பெயர் வைத்தது. கேலிக்கு வைத்த பெயர்தான். அவரோ அதைக் கடைப் பலகையில் எழுதிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

இந்த ஞானம் அவருக்குச் சமையலறையில் பிறந்தது. வாடிப்போன கீரைக் கட்டை அவர் மனைவி ஒரு பாத்திரத் தண்ணீரில் போட்டு வைத்தார். சற்று நேரத்தில் இலைகள் விறைப்பாக நிமிர்ந்து நின்றன.

"பாத்தியா? தண்ணி செல்லுக்குள்ள போகுது, இலை நிமிருது. நம்ம உடம்பும் இப்படித்தான்!"

"ஏங்க, நீங்க கீரையா?"

அந்தக் கேள்வி அவர் காதில் ஏறவில்லை. உப்பு செல்லிலிருந்து தண்ணீரை உறிஞ்சிவிடும் என்று எங்கோ கேட்டிருந்தார். அன்றே உப்பு ஜாடி வீட்டைவிட்டு வெளியேறி, கீழ்த்தளத்தில் இருந்த மனைவியின் தம்பி வீட்டில் அடைக்கலம் புகுந்தது. பின்னாலேயே மனைவியும் தினம் மதியம் தம்பியோடு பேசிவிட்டு வரக் கிளம்பினார். பேச்சு எப்போதும் சாப்பாட்டு வேளையில்தான் நடந்தது. அவர் மட்டும் சப்பென்ற சோற்றை மென்றபடி குடம் குடமாகக் குடித்தார். முகம் உப்பியது. அதற்கு அவர் வைத்த பெயர் தேஜஸ்.

கடைக்காரர்கள் சங்கக் கூட்டத்தில் தண்ணீரைப் பற்றிப் பேச அவரை அழைத்தார்கள். சொல்வதைச் செய்து காட்ட வேண்டுமே என்று காலையிலிருந்தே குடித்தார். மேடையிலும் ஜாடி ஜாடியாக உள்ளே போனது. பேச்சின் நடுவே சங்கத் தலைவரை "அம்மா" என்றார். மின்விசிறிக்கு நன்றி சொன்னார். இந்த பஸ் எங்கே நிற்கும் என்று சபையைக் கேட்டார். யாருக்கும் எதுவும் வித்தியாசமாகத் தெரியவில்லை. இன்றைக்குக் கொஞ்சம் தெளிவாகப் பேசுகிறார் என்றுகூட முன் வரிசையில் ஒருவர் மெச்சினார். கைதட்டினார்கள்.

கடைசி வரிசையிலிருந்து மனைவி மட்டும் எழுந்து ஓடி வந்தார். "நிறுத்துங்க! இவரு ஒளர்றது எப்படின்னு எனக்குத் தெரியும். இது அது இல்ல!"

அவர் மைக்கின் மேலேயே வாந்தி எடுத்தார். கைகால் வெட்டி இழுக்க, அப்படியே சாய்ந்தார். கூட வந்திருந்த மனைவியின் தம்பி அவரைத் தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தான்.

ரத்தத்தைப் பரிசோதித்த டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "ரத்தத்துல உப்பு ரொம்பக் குறைஞ்சிருக்கு. தண்ணி எப்பவும் உப்பு அதிகமா இருக்கிற பக்கம் போகும். ரத்தம் நீர்த்துப் போச்சு, அதனால தண்ணி மூளை செல்லுக்குள்ள போய் மூளை வீங்கிடுச்சு. மண்டை ஓட்டுக்குள்ள வீங்க இடம் ஏது?"

உப்பு நீர் சொட்டுச் சொட்டாக ஏற்றப்பட்டது. வேகமாக ஏற்றினால் அதுவும் மூளைக்கு ஆபத்தாம். மனைவி வெளியே குழாயடியில் நின்று ஒரு மூச்சு அழுதார். முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்து, தொங்கிய பையைப் பார்த்தார். "வீட்டுக்குள்ள வரக்கூடாதுன்னு துரத்தினீங்களே, இப்போ நேரா ரத்தத்துக்குள்ளயே போகுது."

நினைவு தெளிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "டாக்டர், அப்போ கீரை?"

"கீரை செல்லைச் சுத்திக் கெட்டியா ஒரு சுவர் இருக்கு சார். எவ்வளவு தண்ணி போனாலும் அது தாங்கும், விறைச்சு நிக்கும். உங்க செல்லுக்கு மெல்லிசா ஒரு சவ்வுதான்."

இதோடு மனிதர் அடங்கியிருக்கலாம். வீட்டுக்கு வந்ததும் கட்சி மாறினார். உப்புதான் உயிர் என்று வாசலில் நின்று போவோர் வருவோரிடம் சொன்னார். தன்னைப் பிழைக்க வைத்தது செடியையும் செழிக்க வைக்கும் என்று, மனைவி ஆசையாக வளர்த்த மாடித் தொட்டிகளில் உப்பைக் கரைத்து ஊற்றினார். மறுநாள் செடிகள் துவண்டு கிடந்தன.

"சுவர் இருக்குன்னு சொன்னாங்களே?" என்றார் பரிதாபமாக.

"சுவர் இருந்தா மட்டும்? வெளிய உப்பு அதிகமானா உள்ள இருக்கிற தண்ணி வெளியதானே வரும்! டாக்டர் சொன்னப்போ நீங்க மயங்கிக் கிடந்தீங்க. நான் கேட்டுக்கிட்டு நின்னேன்."

பேசிக்கொண்டே அந்த அம்மாள் தொட்டி தொட்டியாகத் தண்ணீர் விட்டு, மண்ணில் இறங்கிய உப்பை அலசி வெளியேற்றினார். ரோஜாக்கள் போயின. செம்பருத்தி தப்பியது.

இப்போது கடையில் முன்னால் உட்கார்ந்திருப்பது மனைவி. தண்ணீர் டாக்டர் பின்னால் உட்கார்ந்து கண்ணாடி துடைக்கிறார். யாராவது தலைவலி என்று ஆரம்பித்தால் அவர் வாய் திறக்கும் முன், "இங்க வாங்க, பவர் பாக்கலாம்" என்று அந்த அம்மாள் இழுத்துக்கொள்கிறார். வியாபாரம் நன்றாகவே நடக்கிறது. மறுபடி உப்பு சேர்த்துக்கொண்டதால்தான் என்பது கணவருடைய கருத்து.