தலை எண்ணும் புதன்கிழமை

எல்மா கங்காஸ் பைன் ஸ்பர் பள்ளிக்கூடத்துச் சமையற்காரி. அக்டோபர் மாதத்து முதல் புதன்கிழமை அவள் பாஸ்டி சுடுவாள். மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் வெங்காயமும் வைத்து மடித்த, உள்ளங்கை கொள்ளாத பாஸ்டி. ஆண்டு முழுவதும் பட்டாணியைத் தட்டிலேயே விட்டுவிட்டுப் போகிற பிள்ளைகள் அன்றைக்கு மட்டும் ஒழுகும் மூக்கோடாவது வந்து சேர்ந்துவிடும். வரவேண்டும். மிச்சிகன் மாநிலம் முழுக்கப் பள்ளிகளில் தலை எண்ணும் நாள் அது.

ஒரு பிள்ளைக்கு இவ்வளவு என்று தலைநகரில் ஒரு தொகை வைப்பார்கள். அன்றைக்கு எத்தனை தலை என்று பார்த்துப் பெருக்குவார்கள். பிப்ரவரியில் இன்னொரு முறை எண்ணுவதுண்டு, அதன் பங்கு சொற்பம். பள்ளியின் ஓராண்டுப் பிழைப்பு பெரும்பாலும் இந்தப் பெருக்கலில்தான். பத்துப் பிள்ளை குறைந்தால் கட்டடத்தைச் சூடாக்கும் கொதிகலன் குறைவாகவா எரிகிறது? பேருந்து பாதி வழியில் நின்றுகொள்கிறதா? நாங்களே கூடுதல் வரி கட்டுகிறோம் என்று ஊர் முன்வந்தாலும், கட்டடத்துக்குச் செலவிடலாம், ஆசிரியர் சம்பளத்துக்குத் தொடக்கூடாது என்கிறது சட்டம். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே தொகை, இதைவிட என்ன நியாயம் வேண்டும் என்பார்கள். எல்லோருக்கும் ஒரே அளவில் சட்டை தைத்துவிட்டு, பொருந்தாதவனின் உடம்பைக் குறை சொல்கிற நியாயம்.

மர ஆலை மூடிய பிறகு பைன் ஸ்பரில் தலைகள் குறைந்தன. தலை குறைந்ததால் இசை வகுப்பு போயிற்று. அது போனதால் இன்னும் சில தலைகள் போயின. போன ஆண்டு, திக்கிப் பேசும் பிள்ளைகளுக்குப் பயிற்சி தரும் ஆசிரியையும் போய்விட்டாள். எல்மாவின் பேத்தி பிரின் அவளிடம்தான் வாயைத் திறக்கக் கற்றுக்கொண்டிருந்தாள்.

இந்த ஆண்டு அறுபது பிள்ளை இல்லையென்றால் பள்ளியை மூடிவிடுவதென்று பள்ளிக் குழு முடிவெடுத்திருந்தது. எண்ணும் நாளுக்கு முந்தின வாரம் தலைமையாசிரியர் லைல், எல்மாவின் கையால் சோறு தின்று வளர்ந்தவர், அடுப்பங்கரை வாசலில் வந்து நின்றார்.

"சரியா அறுபது இருக்கு, எல்மா. ஒண்ணு கூடவும் இல்ல, ஒண்ணு குறையவும் இல்ல. பாஸ்டில உப்பைக் குறைச்சிடாதீங்க."

"உன் பேச்சுல இருக்கிற உப்பே போதும்டா. போ, போய் மணி அடி."

மறுநாள் மாலை மகள் கேரின் வந்தாள். கிரெஸ்டன் நகரத்து மருத்துவமனையில் அவளுக்கு வேலை. அங்கேயே வீடு கிடைத்துவிட்டதாகச் சொன்னாள். பிரினையும் கூட்டிக்கொண்டு சனிக்கிழமை குடி போகிறாள்.

"புதன்கிழமை தலை எண்ணுறாங்கடி."

"தெரியும்மா. அங்க பேச்சுப் பயிற்சிக்கு ஒரு இடம் காலியா இருக்கு. திங்கட்கிழமை வந்து சேர்த்தா பிரினுக்குத் தரேன்னாங்க."

"மூணு நாள் பொறுத்தா ஓடியா போயிடும்? இங்க அத்தனை பேர் பொழப்பு இருக்கு."

"உன் பள்ளிக்கூடத்துக்கு என் பொண்ணு தலை வேணும். எனக்கு அவ நாக்கு வேணும்மா."

எல்மா திரும்பி நின்று மாவைப் பிசையத் தொடங்கினாள். அந்த முதுகைப் பார்த்துக் கேரின் இளகிவிட்டாள். கிரெஸ்டனுக்குப் போன் செய்து கெஞ்சினாள். இடத்தைப் பிடித்து வைக்கப் பார்க்கிறோம், உறுதி சொல்ல முடியாது என்றார்கள். பிரின் புதன்கிழமைவரை பாட்டி வீட்டில் தங்கினாள்.

புதன்கிழமை காலை பாஸ்டி வாசனை தெருமுனைவரை போயிற்று. பேருந்து ஓட்டும் ரஸ் அடுப்பங்கரைக்குள் வந்தான். வழக்கமாக இரண்டு பாஸ்டியைத் திருடிக்கொண்டுதான் பேச்சையே ஆரம்பிப்பான். இன்று கை நீளவில்லை.

"சால்மேலா வீட்டுல யாரும் இல்ல, எல்மா. கதவுல பூட்டு. நாயைக்கூட ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க. ராத்திரியே கிளம்பிட்டாங்களாம். தெக்க எங்கேயோ வேலை கெடைச்சிருக்கு."

"அங்க மூணு பிள்ளைங்கடா."

"எனக்குத் தெரியாதா? மூணு பேரும் என் பஸ்ஸுலதான சண்டை போடும்."

காய்ச்சலில் படுத்த பிள்ளை சில நாளில் திரும்பி வந்தால் கணக்கில் சேர்த்துக்கொள்வார்கள். ஊரைவிட்டே போன பிள்ளையைச் சேர்க்க வழியில்லை. லைல் வகுப்பு வகுப்பாக எண்ணினார், மறுபடியும் எண்ணினார். ஐம்பத்தேழு. பிரினையும் சேர்த்துத்தான்.

யார்மேல் கோபப்படுவது? வேலை கிடைத்துப் போன சால்மேலாமேலா? எண்ணிய லைல்மேலா? அவர் சுவரில் சாய்ந்து நின்று, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நூற்றுக்கணக்கான மைல் தள்ளி ஒரு மேசையில் இருக்கிற பெருக்கல்மேல் எல்மா எந்தக் கரண்டியை எறிவாள்?

பகல் உணவு நேரத்தில் கேரின் போன் செய்தாள்.

"அந்த இடத்தை வேற பிள்ளைக்குக் குடுத்துட்டாங்களாம்மா. இன்னைக்கு அவங்களும் எண்ணுறாங்க இல்ல, வந்து உட்கார்ந்த பிள்ளைக்குக் குடுத்துட்டாங்க. ஜனவரிக்கு மேல பார்க்கலாம்ங்கிறாங்க."

"கேரின்..."

"உன்னை ஒண்ணும் சொல்லலம்மா. நான்தான சரின்னு சொன்னேன்."

அவள் திட்டியிருந்தால் எல்மாவால் தாங்க முடிந்திருக்கும்.

பிள்ளைகள் வரிசையில் வந்தார்கள். தட்டு தட்டாகப் பாஸ்டி போயிற்று. மூன்று மிஞ்சின. கடைசியாகப் பிரின் வந்து நின்றாள். சால்மேலாவின் நடுப்பெண் அவளுடைய சிநேகிதி. மிஞ்சிய மூன்றையும் பார்த்தாள், பாட்டியைப் பார்த்தாள். உதடு ஒட்டிக்கொண்டது.

"ப... ப... பள்... ப..."

என்ன கேட்கப்போகிறாள் என்று எல்மாவுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அவள் சொல்லவந்ததை நாம் முடித்துவைக்கக் கூடாது, காத்திருக்க வேண்டும் என்று அந்தப் பழைய ஆசிரியை சொல்லிக்கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். எல்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

"ப... ப..."

கொதிகலன் பின்னால் உறுமிக்கொண்டிருந்தது, அறுபது பிள்ளைக்கு எரிகிற அதே நெருப்பில்.