ஆடாதொடை டிங்க்சரும் கம்பவுண்டர் சிதம்பரமும்

புதன்கிழமை காலை, முதல் பஸ்ஸின் கண்டக்டர் படியில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார்: "கம்பவுண்டரையா தவறிட்டாருங்க." நார்த்தாமலைப் பக்கத்தில் என் டிஸ்பென்சரியில் பன்னிரண்டு வருஷம் மருந்து கலந்தவர் சிதம்பரம். ஒரு மாதமாகக் குன்றாண்டார்கோவிலில் மகள் வீட்டில் படுக்கையாக இருந்தார். அவர் கையால் மருந்து வாங்கிக் குடித்த உங்களுக்கு அவரை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் உங்களுக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. அதை விட்டுவிட்டு அவரைப் புகழ எனக்கு யோக்கியதை கிடையாது.

யுத்தத்தில் சீமை மருந்து வருவது நின்றுபோனதும், இருமலுக்கும் இளைப்புக்கும் என்ன கொடுப்பதென்று நான் கையைப் பிசைந்துகொண்டிருந்தேன். சிதம்பரம் வேலியோரம் வெள்ளையாகப் பூத்து நின்ற ஆடாதொடையைப் பறித்து வந்தார். நிழலில் உலர்த்தி, இடித்து, சாராயச் சத்தான ஸ்பிரிட்டில் ஏழு நாள் ஊறவைத்து, தினமும் குலுக்கி, வடித்தெடுத்தார். "ஆடு மோந்து பாத்துட்டுப் போயிரும்ங்க. மனுசனுக்குத்தான் குடுத்து வச்சிருக்கு" என்பார். நான் சிரித்தேன். ஆனால் அந்த டிங்க்சரில் சளி இளகியது. ஜனங்கள் கேட்டு வாங்கிப் போனார்கள்.

ஒரு நாள் கல்லுடைக்கும் கருப்பையாவைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்தார்கள். மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. டிங்க்சரைத் தண்ணீரில் விட்டு நீட்டினேன். முகர்ந்தவன், "சாராய வாடை அடிக்குதுங்கய்யா" என்று வாயை மூடிக்கொண்டான். மகள் காய்ச்சலில் கிடந்தபோது, அவள் பிழைத்தால் சாராயத்தைத் தொடுவதில்லை என்று விராலிமலை முருகனுக்குச் சத்தியம் செய்திருந்தான். மீறினால் அவளுக்கு ஆகாது என்று பயம். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எலைச் சாறுடா, சாராயமாவது ஒண்ணாவது! குடி" என்று அதட்டினேன். குடித்தான். இரண்டு நாளில் மூச்சு சீரானது.

"மருந்து குடுத்தது சரிங்க. பொய் எதுக்குங்க?" என்றார் சிதம்பரம்.

"நீர் கம்பவுண்டரா, பூசாரியா?" என்று பாய்ந்தேன்.

மறுவாரம் கருப்பையா பலாப்பழத்தோடு வந்து மருந்தில் சாராயம் இருந்ததா என்று சிதம்பரத்திடம் கேட்டான். "ஸ்பிரிட்டு இருந்துச்சப்பா. கலந்தது நான்தான்" என்றார் அவர். "ஐயோ, எம் மகளுக்கு என்னாகுமோ!" என்று அவன் தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். நான் உள்ளறையில் தெர்மாமீட்டரைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். சிதம்பரம் அவனை விராலிமலைக்குக் கூட்டிப் போனார். என்னையும் கூப்பிட்டார். வேலை இருக்கிறது என்றேன். அன்று ஒரு நோயாளிகூட இல்லை. அங்கே அந்த மலை வழக்கப்படி முருகனுக்குச் சுருட்டு படைத்து, "குத்தம் எங்க டிஸ்பென்சரி மேலதான் சாமி, புள்ளைய ஒண்ணும் செஞ்சிராத" என்று கும்பிட்டாராம். பெண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதன்பின் கருப்பையாவுக்கு மட்டும் ஆடாதொடைக் கஷாயம்தான். மறுநாள் கெட்டுவிடும் என்பதால் தினமும் புதிதாகக் காய்ச்சிக் கொடுப்பார்.

புதன்கிழமை மயானத்திலிருந்து திரும்பும்போது கருப்பையாவை நிறுத்தினேன். "அன்னைக்கு ஸ்பிரிட்டு இருக்குன்னு தெரிஞ்சேதான் உங்கிட்டப் பொய் சொன்னேன்" என்றேன்.

"தெரியுங்கய்யா. மலை எறங்கையிலேயே சொல்லிப்புட்டாரு. 'நீயாப் போயிக் கேக்காத. டாக்டரு நல்ல மனுசன், தானா வந்து சொல்லுவாரு'ன்னாரு. நாலு வருசமாச்சு. போன வாரம் பாக்கப் போனப்பக்கூட, 'சொல்லிட்டாரா?'ன்னு கேட்டாருங்க."

சிதம்பரத்திடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அந்த நம்பிக்கையைத்தான். ஒரு வாரம் முந்தி நான் வாயைத் திறந்திருந்தால், "சொல்லிட்டாருங்க" என்று கருப்பையா அவரிடம் சொல்லியிருப்பான்.