எண்ணூறும் ஒரு கருங்கல்லும்

எங்கள் காரில் என் கணவர் கால் வைக்கும் இடத்தில் ரப்பர் விரிப்பில் ஒரு குழி இருக்கிறது. அரைச் செங்கல் அளவுள்ள கருங்கல் ஒன்று அங்கேயே கிடந்து கிடந்து விழுந்த குழி. ஏற்காட்டு மலையில் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு அது எதற்கு என்று சொல்ல வேண்டியதில்லை. ஏற்றத்தில் வண்டி நின்றால் பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க. ஹேண்ட்பிரேக் என்று ஒன்று இருக்கிறதே என்று கீழே இருந்து வருகிறவர்கள் கேட்பார்கள். இருந்தது, பார்வைக்கு.

ஓட்டுவது நான், கல் போடுவது அவர். கார் வாங்கிய புதிதில் அவரும் ஓட்டிப் பார்த்தார். கொட்டச்சேட்டில் எங்கள் வீட்டுக்குத் திரும்பும் வளைவில் ரோட்டை விட்டுவிட்டுக் காப்பிச் செடிகளுக்குள் போய்விட்டார். பழம் பறித்துக்கொண்டிருந்த நாலைந்து பேர் வந்து, கட்டிலைத் தூக்குவது போலக் காரைத் தூக்கி ரோட்டில் வைத்துவிட்டுப் போனார்கள். இவ்வளவு லேசான உடம்பை வைத்துக்கொண்டா இது மலை ஏறுகிறது என்று எனக்கு அன்றைக்கே அதன் மேல் மரியாதை வந்துவிட்டது. அவர் அதோடு ஸ்டீயரிங்கைத் தொடவில்லை. எங்கள் ஊரில் முதலில் கார் ஓட்டிய பெண் நான்தான் என்றால் அதற்கு அந்தக் காப்பிச் செடிகளும் ஒரு காரணம்.

நான் சின்னவளாக இருந்தபோது மலையில் கார் என்றாலே அம்பாசடர்தான். கொண்டை ஊசி வளைவில் ஆவி கக்கிக்கொண்டு நிற்கும், டிரைவர் குடத்தோடு தண்ணீருக்கு அலைவார். அப்போதுதான் எண்ணூறு என்ற குட்டிக் கார் வந்தது. முதலில் வந்தவை பெட்டி மாதிரி மூலை மூலையாக இருக்கும். எஸ்டேட் ஆட்கள் அதைப் பார்த்து, பொம்மைக் கார் மலை ஏறுமா என்று சிரித்தார்கள். ஆவி கக்கி நிற்கிற அம்பாசடர்களைத் தாண்டி அது பாட்டுக்கு ஏறிப் போனது. பிறகு மூலைகளை மழித்து வழவழப்பாக்கினார்கள். எங்களுடையது அந்த ரகம், ஊரை விட்டுப் போன ஒரு எஸ்டேட் மேனேஜரிடம் வாங்கியது. நாலே கியர். மார்கழிக் காலையில் சோக்கை இழுத்துப் பிடித்தால் கொஞ்சம் இருமிவிட்டுக் கிளம்பும். அதற்கப்புறம் வந்ததில் சோக்கும் கிடையாது, ஐந்தாவது கியர் வேறு. எனக்குப் பொறாமை எல்லாம் இல்லை. சாவி போட்டதும் கிளம்புகிற வண்டியைத் திட்டவும் முடியாது, கொஞ்சவும் முடியாது.

செம்மநத்தத்தில் இருக்கும் என் கொழுந்தனாரிடம் ஆம்னி இருக்கிறது. ஆம்னி என்பது எண்ணூறின் கூடப் பிறந்த தம்பி. அதே மூன்று சிலிண்டர் எஞ்சினை முன்சீட்டுக்கு அடியில் வைத்து, மேலே ஒரு பெட்டியைக் கவிழ்த்திருக்கிறார்கள். அண்ணன் முன்சக்கரத்தால் இழுப்பான், தம்பி பின்சக்கரத்தால் தள்ளுவான். பலாப்பழம், மிளகு மூட்டை, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், ஒரு தடவை கன்றுக்குட்டி என்று அந்த வண்டி சுமக்காதது இல்லை. குளிர்காலத்தில் முன்சீட்டு இளஞ்சூடாக இருக்கும், அதற்கு அடிதடியே நடக்கும். பாரம் அதிகம் என்பதால் அதற்கு இரண்டு கல். எஸ்டேட் ஒன்றில் ஜிப்ஸி நின்றது. நாலு சக்கரமும் இழுக்கிற முரடன், பெரிய இடத்துச் சொந்தக்காரன் மாதிரி நம்மைக் கண்டுகொள்ளாமல் போவான். அவனுக்குக் கல்லே வேண்டாம். அவனை மதித்தேனே தவிர ஆசைப்பட்டதில்லை.

எண்ணூறில் எங்கள் வேலை இப்படி நடக்கும். எதிரே பஸ் வந்தால் ஏற்றத்தில் நிறுத்துவேன். அவர் கல்லோடு குதித்துப் பின்சக்கரத்தில் வைப்பார். பஸ் போனதும் நான் கிளம்பினால் நடுவில் நிற்க முடியாது, சமதரை வரும்வரை போய்த்தான் காத்திருக்க வேண்டும். அவர் கல்லைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடி வருவார். ஒரு முறை சுற்றுலா வந்த குடும்பம் ஒன்று என் பக்கத்தில் காரை நிறுத்தி, “யாரோ கல்லோட உங்களத் துரத்திட்டு வர்றாங்க, போலீசுக்குச் சொல்லட்டுமா?” என்று கேட்டது.

“வேண்டாங்க. என்னையக் கட்டிக்கிட்ட ஆளுதாங்க” என்றேன்.

போன மாதம் காரின் பதிவைப் புதுப்பிக்க வேண்டி வந்தது. சேலத்தில் இருக்கும் மகள் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்: “இந்தத் தடவ எஃப்.சி. குடுக்கலைன்னா பழைய இரும்புக்குப் போட்டுடலாம்மா. என்னோட ஆல்டோவ எடுத்துக்கங்க.” ஆல்டோ எண்ணூறின் வாரிசு, நல்ல வண்டிதான். நான் சரி என்றேன். அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை. பஸ்ஸுக்குக் கால் கடுக்க நின்ற என்னை நினைத்த நேரத்தில் நினைத்த இடத்துக்குப் போக வைத்த வண்டியை, உடைத்துப் போடுவார்கள் என்பதை என்னால் நினைக்க முடியவில்லை.

கடைவீதி மெக்கானிக்கிடம் விட்டு பிரேக் எல்லாம் புதிதாகப் போட்டேன். ஹேண்ட்பிரேக்குக்கும் புதுக் கேபிள். என் கணவர் அன்று மிளகு பறிப்பில் இருந்தார். வந்து சொன்னேன். தலையை ஆட்டினார், நம்பவில்லை.

குப்பனூர் வழியாக இறங்கிச் சேலம் போனோம். ஆர்.டி.ஓ. ஆபீசில் பிரேக் இன்ஸ்பெக்டர் என் மகள் வயதுப் பெண். விளக்கு, ஹாரன், புகை எல்லாம் பார்த்தார். கடைசியில் மைதானத்துக்கு ஏறும் சரிவைக் காட்டி, “அதுல பாதியில நிறுத்தி ஹேண்ட்பிரேக் போடுங்கம்மா” என்றார். நிறுத்தினேன். ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன். கதவு திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்ப்பதற்குள் அவர் பின்சக்கரத்தில் கல்லை வைத்துவிட்டிருந்தார்.

இன்ஸ்பெக்டர் கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “பிரேக் புடிக்காதாம்மா?”

“புடிக்குமுங்க மேடம். ஏனுங்க, கல்ல எடுங்க” என்று ஆத்திரத்தில் கத்தினேன். இத்தனை வருஷம் ஓடிய வண்டியை இவரே இரும்புக் கடைக்கு அனுப்பி வைக்கிறாரே என்று இருந்தது.

“நொம்ப வருசத்துப் பழக்கமுங்க” என்று இன்ஸ்பெக்டரிடம் சொல்லிக்கொண்டே கல்லை எடுத்தார். எடுத்தவர் நகரவில்லை. கல்லை ஒரு கையில் இடுக்கிக்கொண்டு, மறு கையை டிக்கியில் ஊன்றி, முழங்காலை மடக்கி நின்றார்.

“ஐயா, தள்ளி நில்லுங்க. நீங்க தாங்கிட்டு நின்னா நான் என்னத்தப் பார்க்கறது?”

“வண்டி பின்னால வந்துட்டா என்னுங்க பண்றது? ஊட்டுக்காரி உள்ளார இருக்கறாளுங்க” என்றார்.

எனக்கு ஆத்திரம் போன இடம் தெரியவில்லை. அவர் காரைக் காப்பாற்றுவதாகத்தான் நான் இத்தனை காலமும் நினைத்துக் கேலி செய்திருக்கிறேன். கண்ணாடியில் பார்த்தபடி, “நான் பார்த்துக்கறனுங்க, தள்ளிக்கங்க” என்றேன். அரை மனதோடு ஒதுங்கினார். கார் இம்மிகூட அசையவில்லை. இன்ஸ்பெக்டர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

திரும்பும்போது குப்பனூர் தாண்டி மலை ஏறினோம். ஒரு செங்குத்தான வளைவில் பஸ் எதிரே வந்தது. ஓரம் கட்டி ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன். வண்டி கெட்டியாக நின்றது. அவர் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு காலடியில் கிடந்த கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு வெறுமையாக அவர் அந்த சீட்டில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எனக்குத் தாங்கவில்லை.

“ஏனுங்க, பிரேக் பத்தாதாட்ட இருக்குது” என்றேன்.

வண்டி அசையாமல் நிற்பது அவருக்கும் தெரியும். என் முகத்தை ஒரு தரம் பார்த்தார். பிறகு கல்லை எடுத்துக்கொண்டு இறங்கினார்.