பதினோராவது பொருத்தம்

போன மாதம் ஒரு ஞாயிறு. ரொறன்ரோவில், எங்கள் ஸ்காபரோ வீட்டில் பெண் பார்க்கும் வைபவம். பெண், என் மனைவியின் தங்கை மாலதி. மாப்பிள்ளை ரமணன் மிசிசாகாவிலிருந்து தன் பெரியம்மாவுடன் வந்திருந்தார்.

பத்துப் பொருத்தமும் சரி. வடையும் முடிந்தது. "பிள்ளைக்கு ஏதும் கேக்க வேணுமெண்டால் கேளுமன்" என்றார் பெரியம்மா, பெருந்தன்மையாக.

மாலதி கேட்டாள். "நீங்கள் எச்.ஐ.வி. ரெஸ்ற் எடுத்தனீங்களோ?"

என் கையிலிருந்த தேநீர்... சரி, கம்பளத்தின் கதையை விடுவோம்.

"என்ன கதை உது! எங்கட பிள்ளையைப் பாத்தால் அப்பிடியே தெரியுது?" பெரியம்மா எழுந்தே விட்டார்.

"பாத்தால் ஆரிலயும் தெரியாது, அன்ரி. ரெபேக்காவின்ர ஊரிலயும் முதல் இப்பிடித்தான் கேட்டவையாம்."

ரெபேக்கா, மாலதியோடு முதியோர் இல்லத்தில் வேலை செய்பவள். உகண்டாவில் ஒரு குக்கிராமத்துக்காரி. தங்கையின் கல்யாணத்துக்குப் போய் அப்போதுதான் திரும்பியிருந்தாள்.

மாலதி கதையைச் சொன்னாள். அந்த ஊரில் முன்பு எயிட்ஸ் என்ற சொல்லையே யாரும் வாயில் எடுப்பதில்லையாம். யாராவது செத்தால் 'காய்ச்சல்' என்பார்கள், அல்லது 'செய்வினை'. ரெபேக்காவின் அண்ணனும் அந்தக் 'காய்ச்சலில்'தான் போனான். பின்னாலேயே அண்ணியும். இப்போதோ தேவாலயப் பிரசங்கத்திலும் அதே பேச்சு, சந்தையிலும் அதே பேச்சு. தண்ணீர் எடுக்க வரும் பெண்கள் ஆணுறை பற்றிப் பேசிச் சிரிக்கிறார்களாம்!

ரெபேக்காவின் தங்கை தன் லொறிக்கார மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டாள் — இரத்தப் பரிசோதனை இல்லையென்றால் கல்யாணம் இல்லை. அவன் கோபித்துக்கொண்டு போனான். பரிசமாகக் கொண்டுவந்த மாடுகளையும் ஓட்டிக்கொண்டு போனான்! அவள் அசையவில்லை. கொஞ்ச நாளில் மாடுகள் திரும்பி வந்தன. பின்னால் மாப்பிள்ளையும் வந்தான். இரண்டு பேரும் ஒரே சைக்கிளில் பட்டணத்துக் கிளினிக்குக்குப் போனார்கள்.

"முடிவு வருமட்டும் அந்த மனிசன் ஒழுங்காச் சாப்பிடேல்லையாம். இப்ப எண்டால், லொறி நிக்கிற இடமெல்லாம் மற்ற ட்ரைவர்மாரைப் பிடிச்சு 'நீ எடுத்தனியோ' எண்டு கேட்டுக் கேட்டு ஒரே அரியண்டமாம்!"

ரமணன் சிரித்துவிட்டார். "நான் எடுக்கிறன். ஆனால் நீங்களும் எடுக்க வேணும்."

"ஓம். சேர்ந்தே போவம்."

"கட்ட முன்னம் ரெண்டு பேரும் தனியப் போறதோ?" என்று என் மனைவி பதறினாள். துணைக்கு என்னை அனுப்பினார்கள்.

கிளினிக்கில் தெரிந்த தமிழ் முகம் எதுவும் வந்துவிடக்கூடாதே என்று ஒரு சஞ்சிகைக்குள் தலையை நுழைத்தேன். கிருமிக்கு அல்ல, ஊர் வாய்க்குத்தான் பயம்! அந்தக் கிராமத்துப் பெண்கள் சிரித்தே கடந்துவிட்டதை ரொறன்ரோவில் இருக்கும் என்னால் கடக்க முடியவில்லையே? வெட்கமாக இருந்தது. தாதி வந்து "அடுத்தது நீங்களா?" என்றாள். என்ன நினைத்தேனோ... எழுந்துபோய்க் கையை நீட்டிவிட்டேன்.

முடிவுகள் வந்தன. மூவருக்கும் நல்ல செய்தி. கல்யாணம் ஆவணியில். பெரியம்மாவும் சமாதானம்.

என் மனைவிதான் இன்னும் விடுவதாயில்லை. "அவை கட்டப்போற ஆக்கள், எடுத்தவை... நீங்கள் என்னத்துக்கு எடுத்தனீங்கள்?"